முப்பது வருஷத்துக்கு முந்தைய தூசி

சென்ற மாதம் நாள்பட்ட இருமலைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைப் பற்றியும் நாலு வரி சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பற்றி மட்டும் பேசலாம்.

என் அப்பாவுக்கு 67 வயது. 20 வயதிலிருந்து ஏறக்குறைய 15 வருஷம் பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சூடு வெளியேறாமல் காப்பு கட்டும் வேலை பார்த்தார். அப்புறம் அதை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் கணக்கு எழுதினார். இரண்டு வருஷமாக வறட்டு இருமல். மாடி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், கேட்கவில்லை. பழைய வேலையைப் பற்றி டாக்டரிடம் சொல்லலாம் என்றால், "அதை விட்டு முப்பது வருஷம் ஆச்சு, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று என்னையே அதட்டுகிறார். சம்பந்தம் உண்டா?
— ஒரு வாசகி

சம்பந்தம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, அம்மா. முப்பது வருஷம் ஆகிவிட்டது என்பதே சந்தேகத்தை அதிகமாக்குகிற விஷயம்.

அந்தக் காலத்து பாய்லர் காப்பில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான் இருக்கும். அதைத் தமிழில் கல்நார் என்கிறோம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: அது கல், ஆனால் நார். கிழிக்கக் கிழிக்க நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும், கடைசியில் கண்ணுக்கே தெரியாத இழையாகிவிடும். அந்த இழை மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்கிறது. நுரையீரலில் துப்புரவு வேலை செய்யும் செல்கள் உண்டு. சாதாரணத் தூசி என்றால் விழுங்கி வெளியே கொண்டுபோய்விடும். கல்நார் இழையோ அந்தச் செல்லை விட நீளம். பாதி விழுங்கிய நிலையில் செல் திணறி, தன்னிடம் இருக்கும் ரசாயனங்களைச் சுற்றிலும் கக்கிவிட்டுச் செத்துப்போகும். அடுத்த செல் வரும், அதற்கும் அதே கதி. இழை மட்டும் அப்படியே கிடக்கும். இப்படிப் புண்ணாகி, ஆறி, மறுபடியும் புண்ணாகி, பஞ்சுபோல் விரிய வேண்டிய நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகிறது. இதற்குத்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். முதன்முதலில் தூசியை சுவாசித்ததிலிருந்து இது வெளியே தெரிய 10, 20 வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம். நுரையீரல் புற்றுநோய்க்கும் ஏறக்குறைய அதே இடைவெளி. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு 30, 40 வருஷம்கூட ஆகும். வேலையை விட்ட தேதியில் இந்தக் கணக்கு முடிவதில்லை.

உங்கள் அப்பா போலவே ஒருவர் என்னிடம் வந்தார். எனக்கு அப்போது படிப்பு முடிந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். நெஞ்சில் வலது பக்கம் நீர் கோத்திருந்தது. "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். "வாட்ச்மேன்" என்றார். சீட்டில் வாட்ச்மேன் என்று எழுதினேன். நீரை எடுத்துப் பரிசோதித்தோம், தெளிவாக எதுவும் வரவில்லை. டிபியாக இருக்கலாம் என்று மருந்து ஆரம்பித்தோம். நீர் மறுபடியும் கோத்தது. மூன்றாவது தடவை வந்தபோது அவருடைய இடது முன்கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு கண்ணில் பட்டது. எதனால் என்று கேட்டேன். "கப்பல்ல, எஞ்சின் ரூம்ல, நீராவிக் குழாய் பட்டது சார், பத்தொன்பது வயசுல" என்றார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. சாக்கைக் கத்தியால் கீறி, வெள்ளைப் பொடியை வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து குழாயின் மேல் பூசுவாராம். கொட்டும்போது எதிரில் நிற்பவனின் முகம் தெரியாதாம். இரண்டு கையையும் குவித்துக் குழாயைத் தடவுவதுபோல் எனக்குச் செய்து காட்டினார். ஆறு வருஷம் அந்த வேலை. உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் மீசோதீலியோமா. அந்தச் சீட்டில் நான் எழுதிய "வாட்ச்மேன்" என்ற வார்த்தை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. "என்ன வேலை பார்க்கிறீர்கள்" என்று அன்றோடு கேட்பதை விட்டுவிட்டேன். "முதல் வேலையிலிருந்து சொல்லுங்கள்" என்றுதான் கேட்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எந்த வயதிலிருந்து எந்த வயது வரை, எங்கே, கையில் என்ன பொருள், அதை அறுத்தாரா பிசைந்தாரா உரித்தாரா, முகத்தில் என்ன கட்டியிருந்தார். பழைய காப்பை உரித்து எடுக்கும் வேலை செய்தாரா என்பதை மறக்காமல் கேளுங்கள். புதிதாகக் கட்டும்போது ஈரமாவது இருக்கும். காய்ந்ததை உரிக்கும்போதுதான் தூசி அதிகம். பக்கத்தில் இன்னொருவர் உரித்துக்கொண்டிருக்க, அப்பா வேறு வேலையில் நின்றிருந்தாலும் அதையும் எழுதுங்கள். தூசி ஆளைப் பார்த்து வருவதில்லை. இந்தத் தாளை டாக்டர் கையில் கொடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம். கூட்டமான நேரத்தில் வாய்வார்த்தை காற்றோடு போய்விடும்.

டாக்டர் முதுகில், கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டும். காதோரத்து முடியை இரண்டு விரலால் உருட்டித் தேய்த்துப் பாருங்கள், ஒரு சன்னமான நறநறப்பு கேட்கும். மூச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில் அதே சத்தம் வந்தால் அது ஆஸ்துமாவின் சத்தம் அல்ல, ஆஸ்துமாவில் விசில் கேட்கும். விரல்நுனி தடித்து நகம் கிளிமூக்குபோல் வளைந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் சோதனை, நுரையீரல் எவ்வளவு வாயுவை ரத்தத்துக்குக் கடத்துகிறது என்ற சோதனை. ஆரம்ப கட்டத் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். நுண்ணிய படலங்களாக எடுக்கும் சிடி ஸ்கேனில் தெரியும். ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது.

ஒருவேளை ஆஸ்பெஸ்டோசிஸ் என்றே வந்தால், இழையை வெளியே எடுக்கவோ தழும்பை அழிக்கவோ மருந்து கிடையாது. இதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம். மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் முறையாகச் செய்தால் அதே நுரையீரலோடு இன்னும் கொஞ்ச தூரம் நடக்க முடியும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, நோயின் பெயரையும் அது வேலையால் வந்தது என்பதையும் டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தொழில்நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. இழப்பீடு கேட்க அந்தக் காகிதம் வேண்டும்.

என் கணவர் வேலையிலிருந்து வரும்போது சட்டையெல்லாம் வெள்ளையாக இருக்கும். நான்தான் உதறித் துவைப்பேன், பன்னிரண்டு வருஷம். நான் எழுதும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவர், "உனக்கு ஒன்றும் ஆகாது, நீ எங்கே தொழிற்சாலைக்கு வந்தாய்" என்கிறார்.
— இன்னொரு வாசகி

உங்களுக்கு நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவரை விட உங்களுக்கு ஆபத்து குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1965-ல் லண்டனில் மீசோதீலியோமா நோயாளிகளின் வரலாற்றைத் துருவிப் பார்த்தபோது, 9 பேர் அந்தத் தொழிலில் கால் வைத்தவர்களே இல்லை, தொழிலாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். பெரும்பாலும் வேலைத்துணியைத் துவைத்த மனைவிகள். உதறினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உதறல்தான். நனைத்தபின் இழை எழும்பாது, உதறும்போது முகத்துக்கு நேரே எழும்பும்.

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வேலைத்துணி தொழிற்சாலைக்குள்ளேயே கழற்றப்பட்டு, அங்கேயே துவைக்கப்பட்டிருக்க வேண்டும். 1986-ல் ஐ.எல்.ஓ. கொண்டுவந்த 162-ஆம் உடன்படிக்கை, அந்தத் துணியை வீட்டுக்கு எடுத்துப்போக முதலாளி விடக்கூடாது என்றே சொல்கிறது. இப்போது எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சிளைப்பு, ஒரே பக்கமாக நீங்காத நெஞ்சுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, வயிறு வீங்குவது, இதில் எது வந்தாலும் டாக்டரிடம் "துணி துவைத்திருக்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். வயிற்றை ஏன் சேர்த்தேன் என்றால், வயிற்றின் உறையிலும் இதே நோய் வரலாம். சூலகப் புற்றுநோய்க்கும் கல்நார் ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் வகைப்படுத்தியிருக்கிறது.

நான் மெக்கானிக், வயது 34. பழைய வண்டிகளின் பிரேக் வேலை அதிகம். டிரம்மைக் கழற்றி கம்ப்ரசர் காற்றால் ஊதித்தான் சுத்தம் செய்வோம். கர்ச்சீப் கட்டிக்கொள்கிறேன், போதுமா? சிகரெட் ஒரு நாளைக்கு பத்து.

தம்பி, கம்ப்ரசரை நாளைக்கே நிறுத்துங்கள். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். புதிதாக வருகிறவற்றிலும் பெட்டியைப் பார்த்து உறுதி செய்யாமல் இல்லை என்று நம்ப வேண்டாம். டிரம்முக்குள் படிந்திருக்கும் அந்தக் கருந்தூசியை ஊதினால் பட்டறை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் மிதக்கும், நீங்கள் கர்ச்சீப்பை அவிழ்த்த பிறகும். ஈரப்படுத்துங்கள். சோப்புத் தண்ணீரை மெல்லத் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈரம் காயும் முன்பே பையில் போட்டுக் கட்டி, தனியாக அப்புறப்படுத்துங்கள். தரையைப் பெருக்காமல் ஈரமாகத் துடையுங்கள். லைனிங்கை கிரைண்டரில் தேய்க்க வேண்டாம்.

கர்ச்சீப் போதாது. அறுவை சிகிச்சைக்குப் போடும் மாஸ்க்கும் போதாது. இதற்கென்று வடிகட்டி பொருத்திய முகக்கவசம் உண்டு, பி100 அல்லது எஃப்எஃப்பி3 என்று குறித்திருக்கும். அதுவும் முகத்தில் இடைவெளியில்லாமல் பதிந்தால்தான் பயன். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று உள்ளே வந்துவிடும்.

சிகரெட்டைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் காப்பு கட்டும் தொழிலாளர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து 1979-ல் முடிவை வெளியிட்டார்கள். புகைக்காத, கல்நார் வேலையும் பார்க்காத ஒருவர் நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பை 1 என்று வைத்துக்கொண்டால், கல்நார் வேலை மட்டும் பார்த்தவருக்கு 5. சிகரெட் மட்டும் பிடித்தவருக்கு 11. இரண்டும் சேர்ந்தவருக்கு 16 இல்லை, 53. அவர்களுடையது உங்களுடையதை விடப் பல மடங்கு தூசியான வேலைதான். ஆனாலும் இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று பெருக்குகிறது என்பது உங்களுக்கும் பொருந்தும். உள்ளே போன தூசியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது. சிகரெட்டை எடுக்க முடியும், அதை விட்டவர்களுக்கு ஆபத்து வருஷா வருஷம் குறைந்திருக்கிறது. 34 வயதில் விடுவது பெரிய லாபம். மீசோதீலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைத் தடுக்க ஒரே வழி தூசியைத் தடுப்பதுதான்.

வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் "நுரையீரல் உறையில் சுண்ணாம்புத் திட்டு" என்று எழுதியிருக்கிறார்கள். இருபது வருஷம் சிமென்ட் ஷீட் அறுத்தவன் நான். இது புற்றுநோயின் ஆரம்பமா?

இல்லை. இந்தத் திட்டு புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலும் மூச்சையும் பாதிக்காது. எப்போதோ உடம்புக்குள் கல்நார் போயிருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போனதால் மற்ற நோய்களுக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் டாக்டரின் கண்காணிப்பில் இருங்கள். இன்று இரவு தூங்குங்கள்.

எங்கள் சூப்பர்வைசர், "நீலம்தான் ஆபத்து, நாம் உபயோகிப்பது வெள்ளை, அது கரைந்துவிடும்" என்கிறார். உண்மையா?

பாதி உண்மையை வைத்து முழுப் பொய்யைச் சொல்கிறார். அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். நீலக் கல்நார் மீசோதீலியோமாவை அதிகம் உண்டாக்குகிறது என்பது உண்மை. தென்னாப்பிரிக்காவில் நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்த பகுதியிலிருந்து 33 நோயாளிகளைப் பற்றி 1960-ல் எழுதினார்கள், உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். அவர்களில் சிலர் சுரங்கத்துக்குள் போனவர்களே இல்லை, அக்கம்பக்கத்தில் வளர்ந்தவர்கள். வெள்ளை இழை நுரையீரலில் நீலத்தை விடக் குறைந்த காலம் தங்குகிறது என்பதும் உண்மைதான்.

ஆனால் உலகத்தில் இதுவரை உபயோகித்த கல்நாரில் 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளைதான். வெள்ளை உட்பட எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமே இல்லை. தொழிலில் சுவாசித்த கல்நாரால் வருஷத்துக்கு 2 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. 1983-ல் ஐஸ்லாந்து தடை செய்தது, 2005-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை, 2018-ல் கனடா. கனடா பல காலம் வெள்ளைக் கல்நாரை வெட்டி எடுத்து உலகத்துக்கே விற்ற நாடு. அவர்களே நிறுத்தினார்கள்.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924-ல் 33 வயதில் செத்துப்போனார். அவருடைய நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர் அதே வருஷம் மருத்துவ இதழில் எழுதினார். 1931-ல் அங்கே தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. நூறு வருஷம் ஆகியும் ஒரு தொழிலாளியிடம் "வெள்ளை கரைந்துவிடும்" என்று சொல்ல முடிகிறதே என்பதுதான் என் வருத்தம். சூப்பர்வைசரிடம் சண்டை போட வேண்டாம். பையின் மேல் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையை அவரோடு சேர்ந்து படியுங்கள். அவரும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார்.

எங்கள் பட்டறைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கீழே உட்கார்ந்து வேலை செய்யலாமா?

ஷீட் உடையாமல், உதிராமல் இருந்தால் இழை சிமென்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவாதீர்கள். மாற்றும்போது உடைக்காமல் நனைத்து முழுசாக இறக்க, அதில் பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள்.

எனக்கு 61 வயது. நாங்கள் ஆறு பேர் ஒரே குழுவாகக் காப்பு கட்டினோம். ஒருவர் நெஞ்சில் நீர் கோத்து இறந்துவிட்டார், எனக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று போன வருஷம் சொன்னார்கள். மற்ற நாலு பேரில் மூன்று பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. இவர்களிடம் போய்ச் சொல்வது வீணாகப் பயமுறுத்துவது ஆகாதா?

சொல்லுங்கள் ஐயா. நன்றாக இருக்கும்போது தெரிந்துகொள்வதில்தான் பயன் அதிகம். புகைப்பவர் விடலாம். இப்போதும் தூசியில் நிற்பவர் விலகலாம். அடிப்படையாக ஒரு எக்ஸ்ரேயும் ஊதும் சோதனையும் எடுத்து வைத்தால், பின்னால் ஏதாவது வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க முடியும். புகைத்த பழக்கமும் இருந்தால் குறைந்த கதிர்வீச்சு சிடி தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம். வருஷா வருஷம் எல்லாருக்கும் எல்லா ஸ்கேனும் தேவையில்லை.

நான் முதலில் சொன்னேனே, அந்த வாட்ச்மேன். நோயின் பெயரைச் சொன்ன அன்று வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி, "அப்போ எங்க கூட இருந்தவங்க?" என்பதுதான். அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவருடைய மகன் என் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். ஒன்பது பெயர். அடுத்த மூன்று மாதத்தில் அதில் நாலு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பேருக்கு உறையில் திட்டு, ஒருவருக்கு ஆரம்பத் தழும்பு, ஒருவருக்கு ஒன்றுமில்லை. தழும்பு இருந்தவர் அதுவரை ஒரு நாளைக்கு இருபது பீடி பிடித்தவர், அந்த மாதமே விட்டார். இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஊதிவிட்டுப் போகிறார்.

உங்கள் நண்பர்கள் மூன்று பேரையும் நேரில் போய்ப் பாருங்கள். போனில் சொன்னால் "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று வைத்துவிடுவார்கள். போகும்போது உங்கள் எக்ஸ்ரேயையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த நாலாவது நண்பர் கடைசியாக எங்கே வேலை பார்த்தார் என்பது அந்த மூன்று பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.